உன் முதுகில் கேட்ட இரைச்சல்

என் ஐயாவுக்கு,

இதை நின்றுகொண்டு வாசிக்காதே. ஓர் இடத்தில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டியாவது கடைசிவரை வாசி. தமிழ் வாசிக்க வராது என்று கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாய் என்பது எனக்குத் தெரியும். சினிமா போஸ்டரை மட்டும் ஓடுகிற ரயிலிலிருந்தே வாசித்துவிடுகிறாய், அதனால் இதையும் வாசிக்கலாம். வாயால் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் பல தடவை ஆரம்பித்தேன். "யய்யா, ஒரு விஷயம்" என்று நான் வாயைத் திறந்ததுமே, "சோடோ அம்மா, பொறவு பாத்துக்கிடலாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுகிறாய். கோலி என்கிற இந்த ஒற்றை அறை வீட்டுக்குள் உன் அப்பாவும் இருக்கும்போது இதையெல்லாம் உரக்கப் பேசவும் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். என் கோழிக்கிறுக்கலைப் பார்த்துச் சிரிப்பதானால் சிரித்துக்கொள், வாசிப்பதை மட்டும் நிறுத்தாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்யாணத்துக்குத் துணி எடுத்துவிட்டு வந்த அலுப்பில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தாய். படுத்ததும் தூங்கிவிட்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து அக்குளிலிருந்து முதுகுவரை வளைந்து போகிற அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, குனிந்து, இடது தோள்பட்டைக்குக் கீழே காதை வைத்தேன். ஆறு வருஷமாக நான் வேண்டுமென்றே செய்யாமல் இருந்த காரியம் அது. கேட்டது. நம் வாசல் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று சீறிக்கொண்டு வருமே, அந்த மாதிரி மெல்லிய இரைச்சல், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தரம். காதை எடுத்து முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். அப்போதும் கேட்டது. கல்யாணம் முடிந்த கையோடு நீ பிலாய் உருக்காலை வேலைக்கு ரயிலேறப் போகிறாய். அங்கே போனால் நெருப்பும் இரும்பும் பாரமும்தான். போவதற்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், நீ அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் மீதி எல்லாம். உன்னிடம் நாங்கள் சொல்லாமல் விட்டது கொஞ்சமில்லை.

நீ கைக்குழந்தையாக இருந்தபோதே உன் நெஞ்சு இரையும். மேலே கையை வைத்தால் உள்ளங்கை அதிரும். உன் அப்பா குர்லா பட்டறையில் கடைசல் மெஷினில் நிற்கிறவர் அல்லவா, "ஏளா, நம்ம பய நெஞ்சுக்குள்ள மோட்டார் ஓடுது பாத்தியா" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. உன்னைத் தோளில் போட்டுத் தட்டும்போது அந்த அதிர்வு என் எலும்புக்குள் இறங்கும். நீ தூங்கிவிட்ட பிறகும் அது தூங்காது. வளர வளர உனக்கு இளைப்பு வந்தது. பையன்கள் ரயில்பாதை ஓரம் பந்து விளையாடும்போது நீ அம்பயராக நிற்பாய், அதுவும் உட்கார்ந்துகொண்டு. பள்ளிக்கூடம் முடித்து அப்ரண்டிஸ் வேலைக்கு உடம்புச் சோதனைக்குப் போனாயே, அந்த டாக்டர் குழாயை உன் நெஞ்சில் வைத்தவர் எடுக்கவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே படிக்கிற பிள்ளைகள் வரிசையாக வந்து, அவரவர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நல்ல கச்சேரி கேட்டவர்கள்போலத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு அவர்களை அறையலாம்போல இருந்தது. வயிற்றுக்குள் இருக்கும்போது திறந்திருந்து, பிறந்ததும் தானே மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சின்னக் குழாய் உனக்கு மூடவில்லையாம். இருதயத்துக்குப் பக்கத்தில், பெரிய ரத்தக்குழாயை ஒட்டி, விலாவைத் திறந்து முடிச்சுப் போட்டார்கள். இதுவரை உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது, நீ வீட்டுக்கு வந்த அன்று நான் பட்ட பயம். உன் நெஞ்சில் கையை வைத்தேன். ஒன்றுமில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். ஊரெல்லாம் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டது, உன் அப்பா ஜிலேபி வாங்கி வந்தார். நான் மட்டும் நீ கண்ணை மூடும்போதெல்லாம் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். பதினேழு வருஷம் கேட்ட சத்தம் இல்லாமல் போனால், அந்த வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரித்தான் இருக்கிறது. இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் கிறுக்கு என்பார்கள்.

வந்து கொஞ்ச நாளில் உனக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். பென்சிலின் ஊசி போட கம்பவுண்டர் தினமும் வந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு காலையில் உன் உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். சிலவற்றின் நுனியில் முத்துப்போலச் சீழ். பக்கத்துக் கோலிப் பொன்னம்மா மைனி எட்டிப் பார்த்தவள் வாசல்படியிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மைனி, ஊசி கீசின்னு ஒண்ணும் வேண்டாம். முத்தாரம்மன்லா வந்து எறங்கிருக்கா. கைய வச்சிராதிய" என்றாள். அந்த வருஷம் பம்பாயில் பெரியம்மை பரவியிருந்தது. நாம் இருக்கிற இந்த லேபர் கேம்ப்பில் முந்தின வாரம்தான் ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேரை முனிசிபாலிட்டி வண்டி வந்து தொத்துநோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தது. ஒருத்தர்தான் திரும்பி வந்தார். தையல் ஆறாத பிள்ளையை அங்கே கொண்டுபோய்ப் போட்டால் என்ன ஆகும் என்று உன் அப்பா நடுங்கிப்போனார். நம் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டில் என்ன செய்வார்களோ அதைச் செய்தோம். கதவைச் சாத்தினோம், வேப்பங்குலை கட்டினோம், தாளிப்பதை நிறுத்தினோம், கம்பவுண்டரை வாசலோடு திருப்பி அனுப்பினோம். டாக்டர் கோர்ஸ் முழுவதும் போடச் சொல்லியிருக்கிறார் என்று அவர் ஹிந்தியில் மன்றாடினார். ஊசி குத்தினால் அம்மன் கோபிப்பாள் என்பதை ஒரு மராட்டிக்காரருக்கு எப்படிப் புரியவைப்பது? பிள்ளை ஊருக்குப் போய்விட்டான் என்று பொய் சொல்லி அனுப்பினோம். இதற்காக நான் இன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் கதவைச் சாத்தினோம், அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்த காப்பு அதுதான்.

கதவைச் சாத்திய சில நாளில் நீ கண்ணைத் திறந்து "தண்ணி" என்றாய். அது உன் குரல் இல்லை. நான் அடுப்புப் பக்கம் இருந்தவள், வீட்டுக்குள் வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பாதி காற்றும் பாதி கரகரப்பும், ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியாத ஒரு தினுசு. உன் உதடு அசைந்தது, அந்தக் குரல் வந்தது. பொன்னம்மா மைனி தரையில் விழுந்து கும்பிட்டாள். "அம்மா, தாயே, தாகமா இருக்கா ஒனக்கு?" என்று உன்னிடம் கேட்டாள். உன்னிடம் இல்லை, உன் வாய்க்குள் இருந்தவளிடம். நீ மறுபடியும் "தண்ணி" என்றாய். அன்றைக்கு மத்தியானமே விஷயம் நம் கோலி வரிசை முழுவதும் பரவிவிட்டது. முனிசிபாலிட்டிக்குத் தெரியாமல் பிள்ளையை மறைத்து வைத்த வீட்டுக்கு, பின்பக்கமாக ஒவ்வொருத்தராக வந்து குறி கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒருத்தி வந்து, வீட்டை விட்டுப் போன தன் புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டாள். நீ ஜுர வேகத்தில், அந்தக் குரலில், "குளிருது, மூடுங்க" என்றாய். அவள் அலறிக்கொண்டு போய்த் தாலியைக் கழற்றிவிட்டாள். அந்த மனுஷன் அடுத்த பொங்கலுக்கு சூரத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினான். அவள் இன்றைக்கும் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. நானும் கையைக் கட்டிக்கொண்டு உன் கால்மாட்டில் நின்றேன். நான் பெற்ற பிள்ளையைப் பார்த்து "தாயே" என்று கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட்டபோது நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். உள்ளே மாட்டிக்கொண்டவன் ஜன்னல் வழியாகப் பார்க்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சூடு தணிய உன் முதுகில் வேப்பிலை பரப்பியிருந்தோம். ஜன்னல் சாத்தியிருந்தது. விசிறியும் கிடையாது. தழும்பின் மேல்முனையில், தோள்பட்டை எலும்பை ஒட்டிக் கிடந்த ஒரு இலை மட்டும் எழுந்து எழுந்து படுத்தது. மற்ற இலைகள் அசையவில்லை. ஒரு இலை மட்டும் உயிருள்ளதுபோல ஏறி ஏறி இறங்கியது. பொன்னம்மா மைனி, "பாத்தியளா, அவ மூச்சு விடுதா" என்று குலவையிட்டாள். எல்லாரும் கும்பிட்டார்கள். நான் கிட்டே போய் இலையை எடுத்தேன். அடியில் தோல் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது, அதுதான் துடித்துக்கொண்டிருந்தது. விரலை வைத்தேன். பழைய அதிர்வு திரும்பி வந்திருந்தது. ஆனால் பழைய அதிர்வு உன்னுடையது, எனக்குப் பழகியது. இது வேறு. வெளியே வர வழி தேடுகிற எதுவோ உள்ளேயிருந்து என் விரலை முட்டியது.

மறுநாள் மத்தியானம் நீ இருமினாய். வெள்ளை வேட்டியில் ஒரு கரண்டி ரத்தம், பளிச்சென்ற சிவப்பு. பொன்னம்மா மைனி அதற்கும் ஏதோ அர்த்தம் சொல்ல வாயைத் திறந்தாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "மைனி, முத்தாரம்மன் முத்து போடுவா, எம்பிள்ள ரத்தத்த வெளிய எடுத்து விளையாட மாட்டா. வழிய விடுங்க" என்றேன். உன் அப்பா கதவை மறித்து நின்றார். "ஏளா, வண்டிக்காரன் பாத்தான்னா தூக்கிட்டுப் போயிருவான். அவ கோவிச்சிக்கிட்டா நம்ம குடும்பமே தாங்காது" என்றார். "கோவிச்சிக்கிட்டா எங்கிட்ட வந்து பேசட்டும். நான் பேசிக்கிடுதேன்" என்று சொல்லிக் கதவைத் திறந்தேன். அத்தனை நாள் கழித்து வெயில் உள்ளே வந்தது. உன்னைப் போர்வையில் சுற்றி நானும் அவரும் தூக்கிக்கொண்டு மாஹிம் ரோட்டுக்கு ஓடினோம். டாக்சிக்காரன் உன் கையைப் பார்த்துவிட்டு ஏற்றமாட்டேன் என்றான். உன் அப்பா அவன் சட்டையைப் பிடித்தார், அவரை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் நமக்குத் தமிழில் சொன்னது ஒரு டாக்டரம்மா. மாட்டுங்கா பிராமணக் குடும்பத்துப் பெண், பெரிய டாக்டருக்கு உதவி டாக்டர். படத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னை பெஞ்சியில் உட்காரவைத்தார். "பாருங்கோம்மா, இது அம்மை இல்லே. முன்னாடி முடிச்சுப் போட்ட எடத்திலே கிருமி பூந்துடுத்து. பெரிய குழாயோட சுவரு அழுகி, வெளியிலே ஒரு ரத்தப் பை கட்டிண்டிருக்கு. அங்கேருந்து கிருமி தெறிச்சுப் போய்த்தான் கையிலே கால்லே புள்ளி. அந்தப் பை தொண்டைக்குப் போற நரம்பை அழுத்தறது, அதான் குரல் போயிடுத்து. இருமல்லே ரத்தம் வந்தது அது கசியறதுக்கு அடையாளம். வெடிச்சா எங்க கையிலே ஒண்ணுமில்லே" என்றார். ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் கும்பிட்டதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. குரல், முத்து, மூச்சுவிட்ட இலை. அப்படிக் கழன்று விழுந்ததும் பயம் போகும் என்றுதானே நினைப்பாய்? அம்மன் என்றால் கெஞ்சலாம், நேர்ந்துகொள்ளலாம். இதனிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மருந்தை ஏற்றிக்கொண்டே மறுபடியும் விலாவைத் திறந்து, பையை அறுத்தெடுத்து, அழுகின குழாய்த் துண்டை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் வேறு குழாய் வைத்துத் தைக்க வேண்டும் என்றார். தைக்கிற நேரத்தில் மேலும் கீழும் கிடுக்கி போட்டு ரத்தத்தை நிறுத்துவார்களாம். அந்த நேரம் முதுகுத் தண்டுக்கு ரத்தம் போகாது, பிழைத்தாலும் கால் விளங்காமல் போகலாம், அதைத் தடுக்க உடம்பையே குளிரவைப்போம் என்றார். உன் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என்ன கொழாய் வைப்பிய?" டாக்டரம்மா, "நைலான் துணியிலே பண்ணின குழாய் இருக்கு. ஆனா அழுகின எடத்திலே துணி வச்சா கிருமி அதுலயே குடியேறிடும். மனுஷாளோட குழாய்தான் தாங்கும். எடுத்து பத்திரமா வச்சிருக்கோம்" என்றார். உன் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் கேட்டேன், "யாருதும்மா?" "போனவா ஒருத்தரோடது. யாரும் தேடிண்டு வராத ஒடம்பு. அதுக்கு மேல எனக்கும் தெரியாது, கேக்காதீங்கோ."

ஆமாம் ஐயா. நீ இத்தனை நாளும் தையல் விட்டுப்போய் மறுபடி தைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் இருதயத்திலிருந்து இறங்குகிற பெரிய குழாயில், என் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, இன்னொரு மனுஷனுடையது. உன் ரத்தம் முழுவதும் ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த மனுஷன் வழியாகத்தான் கீழே போகிறது.

ஆபரேஷனுக்கு முன்னால் உனக்கு மயக்கம் கொடுத்து ஒரு தொட்டியில் கிடத்தி ஐஸ் கட்டிகளை அடுக்கியதை நான் கதவு இடுக்கில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஊருக்கு அனுப்புகிற பிரேதத்துக்கு தாதர் ஸ்டேஷனில் அப்படித்தான் ஐஸ் அடுக்குவார்கள். உன் முகம் சுண்ணாம்பு நிறத்துக்குப் போயிருந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்தவன்போல ஆக்கி, செத்தவன் குழாயில் ரத்தத்தை ஓடவிடப்போகிறார்கள் என்று நினைத்ததும் கதவை விட்டு விலகினேன். வெளியே வந்தால், பொன்னம்மா மைனி நம் வரிசை ஆட்கள் ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். ரத்தம் கொடுத்தால் ஆயுசு குறையும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவள்தான். "எடுக்கச் சொல்லுங்க மைனி, எங்கிட்ட நெறைய இருக்கு" என்று கையை நீட்டினாள். உன் உடம்பில் அவள் ரத்தமும் ஓடுகிறது. அவள் உன்னை அதட்டும்போது எதிர்த்துப் பேசாதே.

நீ பிழைத்தாய். மூன்றாம் நாள் பெரிய டாக்டர் வந்து போர்வையை விலக்கிப் பாதத்தில் சுரண்டினார், உன் கட்டைவிரல் மடங்கியது. உன் அப்பா வராந்தாவில் போய் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். உன் பழைய குரல் மட்டும் திரும்பி வரவில்லை, அந்த நரம்பு போனது போனதுதான் என்றார்கள். டாக்டரம்மா தன் காதுக்குழாயை என்னிடம் நீட்டி, "கேளுங்கோ, சுத்தமா இருக்கு" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வீட்டுக் கதவில் காதை வைக்கிற மாதிரி இருந்தது எனக்கு. உள்ளே இருப்பவர் யாரென்று தெரியாத வீடு.

வீட்டுக்கு வந்த பிறகு நீ தூக்கத்தில் வலதுகையைத் தலைக்கு மேலே தூக்கி, விரலை மடக்கி, எதையோ பிடித்துக்கொள்வாய். லோக்கல் வண்டியில் கூட்டத்தில் நிற்கிறவர்கள் மேலே பிடிப்பார்களே, அதேபோல. சில சமயம் அந்தப் பிடி சட்டென்று நழுவும், நீ தூக்கிவாரிப் போட்டு விழிப்பாய். இடது பக்கம் தையல், அதனால் வலதுகையைத் தூக்குகிறான் என்றார் உன் அப்பா. இருக்கலாம். ஆனால் அப்போது நீ இன்னும் ரயிலில் வேலைக்குப் போக ஆரம்பிக்கவில்லை. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அமாவாசைதோறும் மாஹிம் கடற்கரைக்குப் போய், பெயர் தெரியாத அந்த மனுஷனுக்கு ஒரு இலையில் சோறு வைத்துவிட்டு வருகிறேன். மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். மீன் வாங்காமல் வருவேன். உன் அப்பாவும் ஏன் என்று கேட்டதில்லை. போன வாரம் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் இறந்தவர்களுக்குத் துணி வைத்துக் கும்பிட்டோமே, அப்போது மட்டும் கேட்டார். "எங்க அப்பாவுக்கு ஒரு வேட்டி. இன்னொண்ணு யாருக்குளா?" நான் அந்த வேட்டியின் மடிப்பை நீவிவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு அவரே இரண்டாவது வேட்டியின் மேல் விபூதியை வைத்தார். நீ அப்போது கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தாய்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். டாக்டரம்மா அன்றே சொன்னார்: செத்தவர் குழாய் நாளாக ஆக சுண்ணாம்பு பிடித்து இறுகலாம், இறுகினால் சத்தம் மட்டும் வரும், பயமில்லை. தளர்ந்து வீங்கவும் செய்யலாம், அப்படியானால் வெடிப்பதற்கு முன்னால் மாற்ற வேண்டும். எது என்று படம்தான் சொல்லும், வருஷா வருஷம் வரவேண்டும் என்றார். இரண்டு வருஷம் போனோம். பிறகு உனக்கு வேலை கிடைத்தது, ஆஸ்பத்திரி வாடையே ஆகவில்லை உனக்கு. உன் அப்பாவும், "பொண்ணு பாக்கப் போற நேரத்துல பய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரான்னு பேச்சு கெளம்பிரும், விடு" என்றார். செம்பூரில் நீ கட்டப்போகிற கோமதி வீட்டாரிடம் உன் குரலுக்கு டான்சில் ஆபரேஷன் என்றும், தழும்புக்கு மாமரத்திலிருந்து விழுந்தது என்றும் சொன்னார். அவள் அப்பா, "லேபர் கேம்ப்ல ஏது மாமரம்?" என்று கேட்டுவிட்டு அதற்கு மேல் பேசவில்லை. பெரிய மனுஷர். நம் சாதிசனத்தில் எந்த வீட்டில்தான் பெண் கொடுப்பவரிடம் நோயைச் சொல்லியிருக்கிறார்கள்? மறைப்பதுதான் மரியாதை என்று வைத்திருக்கிறோம்.

நேற்று அழைப்பிதழ் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் தனியாகச் செம்பூருக்குப் போனேன். கோமதி பொதுக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். அங்கேயே, வரிசையில் நின்றுகொண்டே, இந்தக் கடிதத்தில் உள்ளதெல்லாம் அவளிடம் சொன்னேன். ஐஸையும் சொன்னேன். அந்த மனுஷனையும் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது, பின்னால் நின்றவள் ஹிந்தியில் திட்டினாள், கோமதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில், "இது அவுகளுக்குத் தெரியுமா அத்தை?" என்று கேட்டாள். "தெரியாதும்மா" என்றேன். "அப்போ மொதல்ல அவுகளுக்குச் சொல்லுங்க. எங்கிட்ட ரெண்டாவதாச் சொன்னதா வச்சிக்கிடுதேன்" என்றாள். அதனால்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உன் கையில் இதைக் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். "படம் நல்லா இல்லேன்னா நீ ஒண்ணும் யோசிக்காத தாயி. பத்திரிகை அடிச்சாச்சேன்னு பாக்காத. நானே வந்து ஒங்க அப்பாட்ட சொல்லுதேன், கொற எங்க மேலன்னு." அவள் குடத்தை இடுப்பில் வைத்தாள். "செவ்வாக்கெழம காலையில ஆஸ்பத்திரி எத்தன மணிக்குத் தொறக்கும்?" என்றாள். சொன்னேன். "மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்துக்கு அடியில நிக்கேன், வரச் சொல்லுங்க" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று எனக்கே வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். வழிந்த தண்ணீரில் நனைந்த பாவாடையோடு அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டு வாசலுக்குப் போனவள் குடத்தோடு திரும்பி வந்தாள். "அத்தை, அவுக வரலேன்னாலும் நான் சாயங்காலம் வரைக்கும் அங்கதான் நிப்பேன்னு சொல்லிருங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவளுக்கு முன்னால் நீ போய் நில்.

அம்மா